எல்லிஸ் தீவு: சிலையைப் பார்த்த கையோடு தலைகாட்டிவிட்டு வருகிற இடமல்ல

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நியூயார்க் துறைமுகத்தில் இருக்கிற எல்லிஸ் தீவுக் குடியேற்ற அருங்காட்சியகத்துக்கு நான் போனது இது இரண்டாவது தடவை, ஆனால் முதல் தடவையைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. (கப்பலில் அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்களை 1892 முதல் 1954 வரை சோதித்து உள்ளே விட்ட தீவு இது.) அப்போது எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். மன்ஹாட்டன் பக்கம் பேட்டரி பார்க்கில் படகு ஏறி, சுதந்திர தேவி சிலைத் தீவில் வெயிலில் மூன்று மணி நேரம் நின்று முந்நூறு போட்டோ எடுத்து, கால் வலியோடு எல்லிஸ் தீவில் இறங்கி, பாத்ரூம் போய், ஐஸ்கிரீம் வாங்கி, கீழ்த்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த படகில் ஏறிவிட்டேன். மொத்தம் நாற்பது நிமிஷம். இந்த முறை ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். ஐந்தரை மணி நேரம் இருந்தோம், அப்படியும் மூன்றாவது மாடியில் ஒரு பக்கம் பாக்கி.

அதனால் என் முதல் யோசனை, முடிந்தால் நியூ ஜெர்சி பக்கத்திலிருந்து கிளம்புங்கள். ஜெர்சி சிட்டியில் லிபர்ட்டி ஸ்டேட் பார்க் என்று ஒரு பூங்கா இருக்கிறது, அங்கிருந்தும் அதே ஸ்டாச்சூ சிட்டி குரூஸஸ் படகுதான், அதே டிக்கெட்தான். வித்தியாசம் என்னவென்றால் மன்ஹாட்டன் படகு முதலில் சிலைக்குப் போகும், ஜெர்சி படகு முதலில் எல்லிஸ் தீவுக்குப் போகும். கால் வலிக்காத நேரத்தில் அருங்காட்சியகம், அசந்த நேரத்தில் சிலை. சிலையை உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம், அது எங்கேயும் போகாது. பெரியவர்களுக்கு டிக்கெட் 25 டாலரை ஒட்டி வரும், அருங்காட்சியகத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது, காதில் மாட்டிக்கொள்ளும் ஆடியோ கைடும் அதிலேயே சேர்த்தி. தமிழில் கிடையாது, எதிர்பார்க்க வேண்டாம். மன்ஹாட்டன் பக்கம் போவதானால் இன்னொரு எச்சரிக்கை: பூங்கா வாசலிலேயே கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு டிக்கெட் டிக்கெட் என்று வழிமறிப்பார்கள். அவர்கள் விற்கிற படகு தீவில் நிற்காமல் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும் படகாகக்கூட இருக்கலாம். என் அலுவலக நண்பர் ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டு சிலையை முதுகுப் பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். டிக்கெட் ஜன்னல் உள்ளே காசில் கிளின்டன் என்கிற வட்டமான பழைய கோட்டையில் இருக்கிறது. 1855 முதல் 1890 வரை, எல்லிஸ் தீவு வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால், கப்பலில் வந்தவர்களைப் பதிவு செய்த இடமும் அதே கோட்டைதான், அப்போது காசில் கார்டன் என்று பெயர். அங்கே வரிசையில் நிற்கும்போது சலிப்பு வந்தால் இதை நினைத்துக்கொள்ளலாம்.

படகு ஏறுமுன் விமான நிலையம் மாதிரியே சோதனை, பெல்ட்டைக் கழற்றுவது உட்பட. அப்பா முகம் கொஞ்சம் சுருங்கியது, பத்து நாள் முன்னால்தான் நெவார்க்கில் இதையெல்லாம் செய்துவிட்டு வந்திருந்தார்.

அப்பா ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக ஆரம்பித்து முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தை அவர் கண்ணால்தான் நான் இந்த முறை பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் முதல் கூடம் சாமான்கள் வைத்த கூடம். பழைய டிரங்குப் பெட்டிகள், பிரம்புக் கூடைகள், கயிறு கட்டிய மூட்டைகள் எல்லாவற்றையும் ஒரு குன்று போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பா இரண்டு நொடி பார்த்துவிட்டு, "பார்சல் ஆபீஸ்!" என்றார். அதேதான். கப்பலில் வந்தவர்கள் சாமானை இங்கே வைத்துவிட்டு மாடிக்குப் போக வேண்டும், திரும்பி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பலருக்கு நம்பிக்கை வரவில்லை, மூட்டையைத் தலையிலும் இடுப்பிலுமாகச் சுமந்துகொண்டே படியேறினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இங்கே வந்தவர்கள் எல்லாரும் கப்பலின் அடித்தட்டில் வந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புக்காரர்களைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள், உடம்புக்கு ஏதாவது இருந்தாலோ காகிதத்தில் சிக்கல் இருந்தாலோ தவிர அவர்கள் இந்தத் தீவை மிதிக்கத் தேவையில்லை. அடித்தட்டுக்காரர்களை மட்டும் சின்னப் படகில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள்.

அப்புறம் படிக்கட்டு. மாடிக்குப் போகிற படிக்கட்டுதான் முதல் மருத்துவச் சோதனை என்பது ஏறுகிறவர்களுக்குத் தெரியாது. மேலே டாக்டர்கள் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள், யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார்கள், யார் கண் எங்கேயோ வெறிக்கிறது என்று. ஆளுக்கு ஆறு நொடி என்பார்கள். சந்தேகம் வந்தால் கோட்டில் சாக்பீஸால் ஓர் எழுத்து. இதயம் என்றால் எச், நொண்டல் என்றால் எல், கண் என்றால் இ, மனநிலை பற்றிச் சந்தேகம் என்றால் எக்ஸ். அந்த எழுத்தோடு தனி அறைக்குப் போக வேண்டும். சில கெட்டிக்காரர்கள் கோட்டைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு தப்பித்ததாகவும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, எலிவேட்டர் இருக்கிறது, ஆனால் இந்தக் கதையைக் கேட்டபிறகு பிடிவாதமாகப் படியிலேயே ஏறினார். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்கு எச்சும் போட்டிருப்பான், எல்லும் போட்டிருப்பான், அடுத்த கப்பல்ல திருப்பி அனுப்பியிருப்பான்" என்றார். சிரித்தோம். மேலே போய் கண் இமையை மடக்கிப் பார்க்கப் பயன்படுத்திய கொக்கியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பூட்ஸ் பட்டன் மாட்டுகிற கொக்கி அது. டிரக்கோமா என்கிற கண்நோய் இருக்கிறதா என்று அதை வைத்து மேல் இமையைத் திருப்பிப் பார்ப்பார்களாம், வருகிற ஒவ்வொருவருக்கும், குழந்தைகள் உட்பட. நோய் இருந்தால் பெரும்பாலும் திரும்பிப் போக வேண்டியதுதான், திருப்பி அனுப்புகிற செலவு கப்பல் கம்பெனி தலையில்.

படி முடிகிற இடத்தில் அந்தப் பெரிய ஹால். இதற்காகவே போகலாம். இருநூறு அடி நீளம், நூறு அடி அகலம், தலைக்கு மேலே ஐம்பது அடிக்கு மேல் உயரத்தில் வளைந்த ஓட்டுக் கூரை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுமே இல்லை. சில மர பெஞ்சுகள், ஓரத்தில் நின்றுகொண்டு எழுதுகிற உயரமான மேஜைகள், கொடி. அவ்வளவுதான். இந்த ஹாலைப் பொம்மைகளாலும் திரைகளாலும் நிரப்பாமல் காலியாகவே விட்டது, என்னைக் கேட்டால், இந்த அருங்காட்சியகம் செய்த மிகச் சரியான காரியம். 1907இல் ஒரே வருஷத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் இந்தத் தரை வழியாகப் போயிருக்கிறார்கள். அந்த ஏப்ரல் 17ஆம் தேதி ஒரே நாளில் 11,747 பேர். அத்தனை பேரும் ஆளுக்கொரு மொழியில் பேசுவது, குழந்தைகள் அழுவது, பெயர் கூப்பிடுவது எல்லாம் கூரையில் பட்டு எதிரொலித்திருக்கும் என்று பெஞ்சில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால் போதும், தனியாக ஒரு காட்சிப் பெட்டி தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று உள்ளே வந்தபோது அந்தச் சத்தம் கொஞ்சம் கேட்கவே கேட்டது.

கூரை பற்றி ஒரு வார்த்தை. முதலில் இருந்தது பிளாஸ்டர் கூரை. 1916இல் பக்கத்தில் ஜெர்சி கரையில் பிளாக் டாம் என்ற இடத்திலிருந்த வெடிமருந்துக் கிடங்கை ஜெர்மானிய உளவாளிகள் வெடிக்கவைத்ததில் அது சேதமாகி, 1918இல் குவாஸ்தவீனோ கம்பெனி இந்த ஓட்டுக் கூரையைப் போட்டது. அந்தக் கம்பெனியை ஆரம்பித்த குவாஸ்தவீனோவும் 1881இல் ஸ்பெயினிலிருந்து மகனோடு வந்து குடியேறியவர்தான். 1954க்குப் பிறகு கட்டடத்தைப் பூட்டிப் போட்டு, மழையும் பனியும் உள்ளே புகுந்து, சுவரெல்லாம் உரிந்து கிடந்த காலத்தையும் தாண்டி, புதுப்பிக்கிறபோது 28,000க்கும் மேற்பட்ட ஓடுகளில் 17ஐ மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்ததாம். எங்கள் வீட்டு மொட்டைமாடியை நினைத்து அப்பா பெருமூச்சு விட்டார்.

ஹாலின் கடைசியில் அதிகாரி மேஜை. கேள்விகள் 29. பெயர் என்ன, கல்யாணமாகிவிட்டதா, கையில் எவ்வளவு பணம், டிக்கெட்டுக்கு யார் காசு கொடுத்தது, எங்கே போகிறாய், அங்கே யார் இருக்கிறார்கள், வேலை ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறதா. கடைசிக் கேள்வி பொறி. ஆமாம் வேலை தயாராக இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் ஒப்பந்தம் போட்டு ஆளை அழைத்து வருவது அப்போது சட்டவிரோதம். இல்லை என்றும் சொல்ல வேண்டும், பிழைத்துக்கொள்வேன் என்றும் நம்பவைக்க வேண்டும். வேலை கடிதம் இல்லாமல் எச்1பி விசா கிடைக்காத ஆட்களாகிய நமக்கு இது தலைகீழ் உலகம். மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். பிற்பாடு நியூயார்க் மேயராகி இப்போது விமான நிலையத்துக்குப் பெயராக இருக்கிற லா கார்டியா, 1907 முதல் 1910 வரை இங்கே மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர்.

எல்லிஸ் தீவில் அதிகாரிகள் வாயில் நுழையாத பெயரையெல்லாம் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அமெரிக்காவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் மேலாளர்கூடத் தன் போலந்துக் குடும்பப் பெயருக்கு இந்தக் கதையைத்தான் சொல்வார். உண்மை அப்படி இல்லை. பெயரைக் கப்பல் ஏறுகிற துறைமுகத்திலேயே எழுதி, அந்தப் பட்டியலைக் கப்பல் கம்பெனி கொடுத்தனுப்பும், இங்கே இருப்பவர் அதில் சரிபார்ப்பார், அவ்வளவுதான். பிற்பாடு பெயரைச் சுருக்கிக்கொண்டது பெரும்பாலும் அவர்களேதான். நான் இதை விளக்க ஆரம்பிப்பதற்குள் அப்பாவே, "இது ரிசர்வேஷன் சார்ட் மாதிரி. சார்ட்ல என்ன இருக்கோ அதைத்தான் டிக் அடிப்பான். டி.டி.ஆர். எங்கயாவது பேர் மாத்துவானா?" என்று முடித்துவிட்டார். (பெயர் மாறுவது நமக்குத்தான். இனிஷியலை விரித்து எழுதப்போய், அலுவலகத்தில் பத்து வருஷமாக என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா இதைக் கேட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டார்.)

பக்கத்து அறைகளில் விசாரணை அறை, படுக்கை அறை, மனநிலை சோதிக்க வைத்திருந்த மரப் புதிர்கள் எல்லாம் இருக்கின்றன. முகத்தின் துண்டுகளைச் சேர்த்து அடுக்குகிற புதிரை விட்டுவிடாதீர்கள். மொழி தெரியாதவரை எப்படிச் சோதிப்பது என்று யோசித்து இங்கிருந்த டாக்டர்கள் செய்தது. தனியாக வந்த பெண்களை, அழைத்துப்போக ஆள் வரும்வரை அல்லது கடிதமோ தந்தியோ வரும்வரை வெளியே விடமாட்டார்கள். மொத்தத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். குறைவு மாதிரித் தெரியும், ஆனால் 1892 முதல் 1954 வரை வந்தவர்கள் 1.2 கோடிக்கும் மேல், அதில் இரண்டு சதவீதம் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவரை மட்டும் திருப்பி அனுப்பினால் யார் கூடப் போவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

இனி என் குறை. தரைத்தளத்தில் எல்லிஸ் தீவுக்கு முந்தைய காலத்துக்கு ஒரு பகுதி, 1954க்குப் பிந்தைய காலத்துக்கு 2015இல் திறந்த இன்னொரு பகுதி என்று இருக்கின்றன. தகவல் நிறைய, பலகைக்குப் பலகை எழுத்து எழுத்து எழுத்து, படித்து மாளாது. மாடியில் அந்தக் காலி ஹால் செய்கிற வேலையில் கால்வாசிகூட இவை செய்யவில்லை. நம்மவர்கள் எங்கே என்று தேடினால் அதிகம் கண்ணில் படவில்லை. அதற்குக் காரணம் அருங்காட்சியகம் மட்டும் அல்ல, சட்டம். 1882இலேயே சீனத் தொழிலாளர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள், 1917இல் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்கு. 1946இல் மனம் இரங்கி இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்று கொடுத்தார்கள். நூறு! ஆனாலும் யாருமே வரவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1890களிலேயே வங்காளத்தின் ஹூக்ளிப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகள் எம்ப்ராய்டரித் துணி மூட்டையோடு இங்கே இறங்கி, அட்லாண்டிக் சிட்டி போன்ற ஜெர்சி கடற்கரை ஊர்களில் கோடைக்காலம் முழுக்க விற்றிருக்கிறார்கள். அவர்கள் மூட்டை ஒன்று அந்தச் சாமான் குன்றில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இன்னொன்றையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். 1924இல் நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு வைத்த சட்டம்தான், சோதனையை இங்கே செய்யாமல் அவரவர் நாட்டிலேயே தூதரகத்தில் செய்து விசா கொடுத்து அனுப்புகிற முறையையும் கொண்டுவந்தது. அதோடு இந்த ஹாலுக்கு வேலை போய்விட்டது, மிச்ச முப்பது வருஷம் பெரும்பாலும் பிடித்து வைக்கிற இடமாகவும் நாடு கடத்துகிற இடமாகவும் ஓடியது. ஆக, அப்பாவும் அம்மாவும் சென்னையில் அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் காலை ஆறு மணிக்கு ஃபைலோடு வரிசையில் நின்றார்களே, இந்த ஹால்தான் அங்கே இடம் மாறிப் போயிருக்கிறது. அவர்களிடம் கேட்டது மூன்றே கேள்வி. மகள் என்ன வேலை பார்க்கிறாள், எத்தனை நாள் இருப்பீர்கள், திரும்பி வருவீர்களா.

ஹாலின் மறுகோடியில் இறங்குகிற படிக்கட்டு மூன்றாகப் பிரிகிறது. வலப்பக்கம் இறங்கினால் ரயில் டிக்கெட், இடப்பக்கம் நியூயார்க் படகு, நடுவில் இறங்கினால் தடுத்து வைக்கிற அறைகள். அப்பா வேண்டுமென்றே வலப்பக்கமாக இறங்கினார்.

மூன்றாவது மாடியில் அம்மா உட்கார்ந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த பொருட்களைக் குடும்பங்கள் கொடுத்து வைத்திருக்கும் அறை அது. தங்கம் வெள்ளி ஒன்றும் இல்லை. சால்வை, ஜெபப் புத்தகம், பாத்திரம், செருப்பு, கையால் தைத்த துணி. அம்மா தன் பங்குக்குப் பெட்டியில் அரை கிலோ அரிசி அப்பளமும் ஒரு இடுக்கியும் கொண்டுவந்தவர், அதனால் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் அவருக்குச் சொல்ல ஏதோ இருந்தது. பாழடைந்து கிடந்த காலத்துப் படங்களும் இதே மாடியில் உண்டு.

அரை மணி நேர ஆவணப்படம் ஒன்று இலவசமாகக் காட்டுகிறார்கள். போனவுடனே அதைப் பார்த்துவிடுங்கள், நாங்கள் கடைசியில் பார்த்துவிட்டு அடடா என்றோம். வெளியே பெயர்கள் பொறித்த நீண்ட சுவர் இருக்கிறது, 7 லட்சத்துக்கும் மேல் பெயர்கள். காசு கட்டினால் யார் பெயரையும் போடலாம், இந்தத் தீவு வழியாக வந்திருக்க வேண்டும் என்பதில்லை, அதனால் எனக்கு அதில் பெரிய ஈடுபாடு வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. பர்கர், ஃப்ரைஸ் வகையறா. சைவம் என்றால் ஃப்ரைஸ். கையில் டப்பா கொண்டுபோகத் தடையில்லை, பெரிய ஐஸ்பெட்டி மட்டும்தான் கூடாது. நாங்கள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தோம். வெளியே மன்ஹாட்டனைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டது அந்த நாளின் நல்ல அரை மணி நேரம். கடற்புறாக்கள் மேல் ஒரு கண் இருக்கட்டும், அவற்றுக்கு எலுமிச்சை சாதமும் பிடிக்கிறது.

கிளம்பும் முன் கப்பல் பயணிகள் பட்டியலைத் தேடுகிற கணினி அறைக்குப் போனோம். பெயரைத் தட்டினால் கப்பல் பெயர், வந்த தேதி, எழுதிய பட்டியலின் படம் வரைக்கும் வருகிறது. வீட்டிலிருந்தும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பக்கத்து நாற்காலியில் ஒரு வயதான அம்மாள் தன் தாத்தாவின் வரியைக் கண்டுபிடித்துத் திரையை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, "ஏம்மா, பெரியப்பா ரஜூலா கப்பல்ல பினாங்கு போனாரே, நாகப்பட்டினத்துலேர்ந்து, டெக் பாசஞ்சரா. அந்தச் சார்ட் எங்கயாவது இருக்குமா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. விசைப்பலகையில் பெரியப்பா பெயரை ஒற்றை விரலால் தட்டிப் பார்த்தார், இங்கே வராது என்று அவருக்கும் தெரியும். பெரியப்பா போனது 1930களில், அதற்குப் பிறகு வந்தது இரண்டு கடிதம், ஒரு போட்டோ.

சிலைத் தீவில் நாங்கள் இறங்கவில்லை, நேரமில்லை, படகிலிருந்தபடியே பார்த்தோம். 1965 அக்டோபர் 3ஆம் தேதி அந்தச் சிலைக்குக் கீழே உட்கார்ந்துதான் ஜனாதிபதி ஜான்சன் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழிக்கிற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எல்லிஸ் தீவை அந்தச் சிலையின் தேசிய நினைவிடத்தோடு சேர்த்ததும் அதே வருஷம் அதே ஜான்சன்தான். நான் நியூ ஜெர்சியில் எடிசன் என்கிற ஊரில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பதற்கு மூலகாரணம் அந்தக் கையெழுத்து என்று அம்மாவிடம் சொன்னேன், போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஜெர்சி பக்கம் இறங்கினால் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே 1889இல் கட்டிய பழைய ரயில் முனையம். வலப்பக்கப் படியில் இறங்கியவர்களில் ஏராளமானோர் இங்கேதான் வந்து ரயில் ஏறினார்கள். 1967இல் ரயில் நின்றுபோனது. பின்னால் கம்பி வேலிக்குள் இருபது வரிசை நடைமேடை, தண்டவாளம் இருந்த இடமெல்லாம் செடி மண்டிக் கிடக்கிறது. கார் நிறுத்துமிடத்துக்கு அவசரப்படாமல் இதையும் பாருங்கள். அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம், அந்தக் கீழ்த்தளப் பலகைகளுக்காக அரை கழித்துக்கொண்டேன். அவ்வப்போது சில அறைகளை மூடி வேலை பார்க்கிறார்கள், போகும் முன் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தீவின் தென்பக்கத்தில் இன்னும் புதுப்பிக்காத ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் இருக்கின்றன. அங்கே சுமார் 350 குழந்தைகள் பிறந்தன, சுமார் 3,500 பேர் இறந்தார்கள். தலையில் ஹெல்மெட் மாட்டி ஒன்றரை மணி நேரம் சுற்றிக் காட்டுகிறார்கள், அதற்குத் தனி டிக்கெட், முன்கூட்டியே எடுக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும் முன் அதற்கு ஒரு நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறார் அப்பா. அம்மா வரமாட்டாராம், அந்தக் கொக்கியைப் பார்த்ததே போதுமாம்.